சீனக்குடாவிலிருந்து சிறிய விமானத்தில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்கள் சிலவற்றுக்கு நான் கணக்கு வேலை பார்க்கிறேன். அதற்காக அடிக்கடி கொழும்புக்கு ஓட வேண்டியிருக்கும். பஸ், இரவு மெயில், வாடகை வான் எல்லாவற்றிலும் போய்ப் பார்த்தாயிற்று. இப்போது சில வருடங்களாக, அவசர வேலை என்றால் எங்கள் ஊர்ச் சீனக்குடாவிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பறக்கும் சினமன் எயார் விமானம்தான். எனக்கு மிகவும் பிடித்துப்போன உள்நாட்டு விமான சேவை அது. இது தெரிந்த சொந்தக்காரர், அயலவர், ஹோட்டல்காரர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது.

சீனக்குடா விமானப்படை முகாம்தானே? அங்கே பொதுமக்கள் எப்படி ஏறுவது?

முகாம்தான். விமானப்படையின் பயிற்சிக் கல்லூரியே அங்கேதான் இருக்கிறது. பிரித்தானியர் காலத்திலிருந்து இருக்கும் ஓடுபாதை அது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது குண்டு விழுந்த இடங்களில் சீனக்குடாவும் ஒன்று. ஆனால் பயணிகள் விமானங்களும் அதே ஓடுபாதையில்தான் இறங்கி ஏறுகின்றன. வாசலில் டிக்கட்டையும் அடையாள அட்டையையும் காட்ட வேண்டும். பெயரைப் பட்டியலில் பார்த்துவிட்டு உள்ளே விடுவார்கள். உள்ளே இஷ்டப்படி நடந்து திரியவோ படம் எடுக்கவோ கூடாது. விமானத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க ஆசை இருந்தால், கூட வரும் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்து வாசலில் நிற்காதீர்கள். இது பஸ் ஸ்டாண்ட் இல்லை, கெஞ்சி ஏற முடியாது.

அது வெள்ளைக்காரருக்கான விமானம்தானே?

நிலாவெளிக்கும் சிகிரியாவுக்கும் வரும் சுற்றுலாப் பயணிகளை நம்பித்தான் 2013இல் இந்தச் சேவை தொடங்கியது. ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை, எங்கள் கடல் அமைதியாக இருக்கும் காலத்தில், இருக்கைகளை அவர்கள்தான் நிரப்புகிறார்கள். அதற்காக எங்களுக்கு இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. நான் போன பயணங்களில் எங்கள் ஊர் டொக்டர்மார், வங்கி அதிகாரிகள், கொழும்பில் பிள்ளையின் வீட்டுக்குப் போகும் வயதானவர்கள் எல்லோரையும் கண்டிருக்கிறேன். "அது எங்களுக்கில்லை" என்று நாங்களே ஒதுங்கி நிற்பதுதான் எனக்குக் கவலை. ஓடுபாதை எங்கள் ஊரில் இருக்கிறது, எங்கள் தலைக்கு மேலால்தான் விமானம் போகிறது. தேவைப்படும் நாளில் நாங்களும் ஏறலாம்.

எவ்வளவு நேரம் எடுக்கும்?

சீனக்குடாவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீற்றர். நேரே போனால் ஒரு மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடலாம். சிகிரியாவில் ஆள் ஏற்றினால் அதற்கு மேல் கொஞ்சம் ஆகும். தரையில் என்றால் கந்தளாய், ஹபரண, தம்புள்ளை, குருநாகல் என்று 250 கிலோமீற்றருக்கு மேல். அதற்கே ஆறு, ஏழு மணித்தியாலம் வேண்டும். ஹபரணக் காட்டுப் பகுதியில் இரவில் யானை நின்றால் அதற்கும் காத்திருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். இறங்குவது கட்டுநாயக்கவில், கொழும்பில் இல்லை. அங்கிருந்து கொழும்புக் கோட்டைக்கு இன்னும் 30 கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது. அதிவேக வீதி இருப்பதால் பெரிய பாடில்லை, ஆனால் அந்த வாகனச் செலவையும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கொழும்பிலிருந்து திரும்ப டிக்கட் போட்டுக் கொடுத்த முகவர் இரத்மலானைக்குப் போகச் சொல்லிவிட்டார். இரத்மலானை கொழும்புக்குத் தெற்கே, கட்டுநாயக்க வடக்கே. அன்றைய விமானம் அவருக்குத் தவறிவிட்டது. டிக்கட்டில் எழுதியிருக்கும் விமான நிலையத்தின் பெயரை உங்கள் கண்ணாலேயே வாசித்துப் பாருங்கள்.

டிக்கட் விலை கட்டுப்படியாகுமா?

பஸ் டிக்கட்டோடு ஒப்பிட்டால் பல மடங்கு. மாதச் சம்பளக்காரர் ஒருவர் நினைத்த நேரமெல்லாம் போய்வரக்கூடிய விலை இல்லை. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. நான் பார்க்கும் கணக்கு இதுதான்: ஒரு நாள் வேலைக்குப் பஸ்ஸில் போனால் போகும் இரவும் திரும்பும் இரவும் நித்திரை இல்லை. இல்லாவிட்டால் கொழும்பில் அறை எடுக்க வேண்டும். இரண்டு பேருக்குத் தனி வான் பிடித்துப் போவதாக இருந்தால் வித்தியாசம் இன்னும் குறையும். அப்போது விமானத்தைப் பற்றி யோசிக்கலாம். டிக்கட் எடுக்கும்போது இலங்கையில் வசிப்பவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவருக்கு அதை யாரும் தேடி வந்து கொடுக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு எஞ்சின்தானாமே? பயமில்லையா? சீனக்குடாவில் விமானம் விழுந்ததே?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. கொஞ்சம் ஆறுதலாகவே பதில் சொல்கிறேன்.

சீனக்குடாவில் 2023 ஓகஸ்ட் 7ஆம் திகதி விழுந்தது விமானப்படையின் பயிற்சி விமானம். அதில் இருந்த இருவரும் உயிரிழந்தார்கள். 2020 டிசெம்பரில் கந்தளாய்ப் பக்கம் விழுந்ததும் பயிற்சி விமானம்தான். 2025 மார்ச்சில் வாரியபொலவில் விழுந்த ஜெட்டும் சீனக்குடாவிலிருந்து பயிற்சிக்குக் கிளம்பியது. பறக்கப் பழகுபவர்களின் விமானம் வேறு, பயணிகளை ஏற்றும் விமானம் வேறு. ஓடுபாதை ஒன்று என்பதால் எங்கள் ஊரில் எல்லாம் ஒரே கதையாகக் கலந்துவிட்டது.

பெரியவர்கள் மனதில் இன்னொன்றும் இருக்கிறது. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து 55 பேர் மாண்டார்கள். அது யுத்த காலம். அந்த நினைவோடு இருப்பவரிடம் "பயப்படாதீர்கள்" என்று லேசாகச் சொல்லிவிட முடியாது, சொல்லவும் கூடாது.

இனி எஞ்சின். சினமன் எயார் ஓட்டுவது செஸ்னா கரவன். 1982இல் முதன்முதலாகப் பறந்த வகை, இதுவரை 3,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். ஆபிரிக்கக் காடுகளுக்கும் அலாஸ்காப் பனிக்கும் ஆளையும் சாமானையும் கொண்டுபோவது இந்த விமானம்தான். எஞ்சின் ஒன்றுதான், ஆனால் அது டர்பைன் எஞ்சின். கார் எஞ்சினைப் போலப் பிஸ்டன் மேலும் கீழும் அடிக்கும் வேலை அதில் இல்லை, தேயும் பாகங்களும் குறைவு. எஞ்சின் நின்றுபோனாலும் விமானம் கல்லைப் போல விழாது. அகன்ற இறக்கை தாங்கிக்கொள்ள, தான் இருக்கும் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரம் சறுக்கிக்கொண்டே போகும். விமானி இடம் பார்த்து இறக்க அவகாசம் கிடைக்கும். மெதுவாகவும் இறங்கக்கூடிய விமானம் என்பதால் அதற்கு நீண்ட இடமும் தேவையில்லை. முன்னால் இரண்டு விமானிகள் இருப்பார்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் பூட்டிய கதவு கிடையாது, அவர்கள் கை என்ன செய்கிறது என்பதைப் பயணம் முழுவதும் பார்த்துக்கொண்டே வரலாம். எனக்கு முதலில் பயம் தெளிந்ததே அதைப் பார்த்துத்தான்.

ஆளையும் தராசில் ஏற்றி நிறுப்பார்களாமே? கூச்சமாக இருக்காதா?

நிறுப்பார்கள். கைப்பையோடு சேர்த்து. அதைப் பார்த்த நாளிலிருந்துதான் எனக்கு இந்தச் சேவையில் நம்பிக்கை வந்தது.

பெரிய விமானத்தில் ஓர் ஆள் 60 கிலோவா 90 கிலோவா என்பது பெரிய விடயமில்லை. நூற்றுக்கணக்கான பேரில் சராசரி சரியாகிவிடும். எட்டுப் பேர் ஏறும் விமானத்தில் சராசரிக்கு இடமில்லை. மொத்தப் பாரமும் முக்கியம், அந்தப் பாரம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பின்னால் பாரம் கூடினால் மூக்கு மேலே தூக்கும், முன்னால் கூடினால் கீழே அமுங்கும். அதனால் ஒவ்வொருவரின் எடையையும் தாளில் எழுதி, எரிபொருளையும் பொதிகளையும் கூட்டி, யார் எங்கே இருப்பது என்று முடிவு செய்கிறார்கள். "ஜன்னலோரம் எனக்கு வேண்டும்" என்று அடம்பிடிப்பதில் பலனில்லை. ஜன்னல் எல்லோருக்கும் கிட்டத்தான்.

ஒரு தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தராசில் ஏறும்போது கைப்பையை என்னிடம் நீட்டினார். கவுண்டரில் நின்ற பொடியன் விடவில்லை. "அம்மா, பையையும் பிடிச்சுக்கொண்டு ஏறுங்கோ. உங்களோட வாறது எல்லாம் எனக்குக் கணக்கில வேணும்" என்றான். அம்மாவுக்குக் கொஞ்சம் வெட்கம். "இது என்ன தம்பி, அரிசி மூட்டையே நான்?" என்று கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றி, எண்ணை உரக்கச் சொல்லாமல் எழுதிக்கொண்டான். பக்கத்தில் நின்ற எனக்கே எண் தெரியவில்லை. கணக்கில் ஒரு கிலோவையும் விடாமல், ஆளையும் நோகடிக்காமல் வேலை செய்தான் அந்தப் பிள்ளை.

கருவாடு, நண்டு கொண்டு போகலாமா?

கொழும்பில் இருக்கும் சொந்தங்களுக்குத் திருமலைக் கருவாடு இல்லாமல் போனால் வாசலிலேயே முகம் சுருங்கும், தெரியும். ஆனால் பொதிக்கு இருக்கும் எடை வரம்பு கடுமையானது. டிக்கட்டில் எத்தனை கிலோ என்று இருக்கிறதோ அதுதான் முடிவு, "ஒரு கிலோ கூடினால் பரவாயில்லை" என்பது இங்கே நடக்காது. பொதிகள் பெரும்பாலும் விமானத்தின் வயிற்றுப் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குள் போகும். விறைத்த பெரிய சூட்கேஸ் அதற்குள் நுழைய மறுக்கும், மடங்கக்கூடிய துணிப் பை நல்லது. கருவாட்டை இரண்டு, மூன்று பொலித்தீன் சுற்றி, காற்றுப் போகாமல் மூடிக் கொண்டு வாருங்கள். ஈரமான மீனும் நண்டும் வேண்டாம். அதை இரவுப் பஸ்ஸில் பெட்டியாக ஏற்றி விடுவதுதான் எல்லோரும் செய்வது.

எந்த மாதத்தில் போவது நல்லது? ரத்தாகுமா?

எங்கள் ஊரில் மழை வாடைக்காற்றோடு வரும். நவம்பர் முதல் ஜனவரி வரை மேகம் தாழ்ந்து வந்து, கொட்டியார் குடாவின் அக்கரையே தெரியாத நாட்கள் உண்டு. அந்த நாட்களில் தாமதமும் ரத்தும் வரலாம். மே முதல் செப்டெம்பர் வரை இங்கே கச்சான் காற்று, வெயில் கொளுத்தும். வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. ஆனால் அதே மாதங்களில்தான் தென்மேற்குப் பருவ மழை கொழும்புப் பக்கம் கொட்டும். சீனக்குடாவில் வெயிலில் நின்றுகொண்டு "இவ்வளவு நல்ல வானத்துக்கு ஏன் பிளேன் வரவில்லை?" என்று கோபப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வர வேண்டிய விமானம் கட்டுநாயக்கவில் மழைக்குள் நிற்கும். ஒரு தீவில் இரண்டு பருவம் இருக்கும்போது, இரண்டு முனையின் வானத்தையும் பார்க்க வேண்டும்.

குலுக்கம் உண்டு. காலைப் பயணம் பெரும்பாலும் சாந்தமாக இருக்கும். மத்தியானம் தரை சூடேறி, சூடான காற்று மேலெழும்பும்போது சிறிய விமானம் அதை நன்றாக உணரும், தம்புள்ளைப் பக்கம் அதிகம். தலைசுற்றும் ஆட்கள் காலை விமானத்தையே எடுங்கள்.

ரத்து பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மார்கழி நாளில் எனக்குக் கொழும்பில் முக்கியமான கூட்டம். பையோடு காத்திருக்கிறோம், மழை சீராகப் பெய்கிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் பொறுமை இழந்து, இதைவிட மோசமான மழையில் பறந்திருக்கிறேன் என்று வாதாடினார். பொறுப்பாக நின்ற பெண் அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, விமானிக்கு ஓடுபாதை தெரிய வேண்டிய தூரத்துக்குத் தெரியவில்லை, தெரியும்வரை கிளம்ப மாட்டோம் என்று சொன்னாள். அரை மணிக்கு ஒரு தடவை வந்து நிலைமையை உள்ளபடி சொன்னாள். "இதோ வந்துவிடும்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கடைசியில் அன்று பறக்கவில்லை. கூட்டம் எனக்குத் தவறிப்போனது. ஆனாலும் அன்றுதான் முடிவு செய்தேன், இனி விமானம் என்றால் இவர்களோடுதான் என்று. எட்டுப் பேர் டிக்கட் காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்று தெரிந்தும் "இல்லை" என்று சொல்ல முடிந்தவர்களிடம்தான் என் அம்மாவை நம்பி ஏற்ற முடியும்.

வயதானவர்கள், நோயாளிகள் போகலாமா?

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏணிதான் சிரமம். படி சிறியது, செங்குத்தானது. ஊழியர் கை கொடுப்பார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, குனிந்தபடி போய் உட்கார வேண்டும்.

பெரிய ஜெட் விமானங்களைப் போல உள்ளே காற்றழுத்தத்தைச் சரிசெய்யும் வசதி கரவன் வகையில் கிடையாது. அதனால் உயரம் போகப் போகக் காற்று ஐதாகும். சுகதேகிக்கு ஒன்றும் தெரியாது. இருதய நோய், கடும் மூச்சு வருத்தம், அண்மையில் சத்திரசிகிச்சை என்று இருந்தால் டொக்டரிடம் கேட்காமல் ஏற்ற வேண்டாம். கர்ப்பிணிகளும் அப்படித்தான். தடிமன் பிடித்திருந்தால் இறங்கும்போது காது அடைத்து நோகும், பிள்ளைகளுக்கு டொபி கொடுத்து விழுங்க வையுங்கள்.

கழிவறை? சாப்பாடு?

விமானத்தில் கழிவறை இல்லை. கிளம்புவதற்கு முன் போய்வாருங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

வெளியே என்ன தெரியும்?

இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னலுக்கும் தரைக்கும் நடுவில் ஒன்றும் மறைக்காது. பறப்பதும் தாழ்வாகத்தான். கந்தளாய்க் குளமும் அதன் நீண்ட அணைக்கட்டும் தெரியும், கட்டுக்குக் கீழே வயல் பச்சை விரிந்து கிடக்கும். சிகிரியாவில் இறங்கும் நாளில் குன்றை மேலிருந்தே பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது சீனக்குடாவை நெருங்கும் கடைசிப் பத்து நிமிடம். மழைக்காலம் முடிந்த கையோடு பார்த்தால், மூதூருக்குப் பக்கத்தில் மகாவலி கங்கை கொட்டியார் குடாவில் விழும் இடத்தில் செம்மண் நிறத் தண்ணீர் நீலத்துக்குள் விசிறியாக விரிந்திருக்கும். நாட்டின் மிக நீண்ட ஆறு மலையிலிருந்து கொண்டுவந்த மண் எங்கள் குடாவில் கரைகிறது. விமானம் சரிந்து திரும்பும்போது கிண்ணியாப் பாலம் தண்ணீருக்குக் குறுக்கே மெல்லிய கோடாகத் தெரியும். 2009இல் அது திறக்கும்வரை அந்த நீரை ஃபெரியில்தான் கடந்தோம். அப்புறம் காட்டுக்குள் வரிசை வரிசையாக எண்ணெய்க் குதங்களின் வட்டங்கள். காற்றின் திசையைப் பார்த்து வேறு வழியாகச் சுற்றி வந்தால் கோட்டையும் அதன் முனையில் கோணேசர் கோயிலும் ஒரு நொடி கண்ணில் படும். என்னோடு வந்த அம்மா அந்த ஒரு நொடியில் கைகூப்பிவிட்டார்.

புறா மலைத் தீவில் சுழியோடிவிட்டு அடுத்த நாளே பறக்கலாமா?

ஹோட்டல்காரர்கள் இதைத் தங்கள் விருந்தாளிகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். காற்றுக் குடுவையோடு ஆழத்தில் மூழ்கியவரின் இரத்தத்தில் நைதரசன் கரைந்திருக்கும். உடனே உயரத்துக்குப் போனால் அது குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் ஆபத்தை உண்டாக்கும். ஒரு தடவை மட்டும் மூழ்கியவர் குறைந்தது 12 மணித்தியாலமும், பல தடவை மூழ்கியவர் குறைந்தது 18 மணித்தியாலமும் பறக்கக் கூடாது என்பது சுழியோடிகளுக்கான பொது வழிகாட்டல். விமானம் சிறியது, தாழப் பறக்கிறது என்று நினைத்து அலட்சியம் வேண்டாம். ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். நீர்மட்டத்தில் கண்ணாடி போட்டு நீந்திப் பவளப்பாறை பார்த்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

திருமலையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பறக்கலாமா?

அதற்கு வீதியையே நம்புங்கள். ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக ஏ9 வீதியைப் பிடித்துப் போவதுதான் வழி. 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டபோது யாழ்ப்பாணச் சனம் எங்கள் துறைமுகத்துக்கு வந்து கப்பலுக்குக் காத்துக் கிடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த நாட்களோடு பார்த்தால் இப்போதைய பஸ் பயணம் எவ்வளவோ மேல். சென்னைக்குப் போக வேண்டியவர்கள் பலாலியையும் பாருங்கள். 2019 ஒக்டோபரில் அது சர்வதேச விமான நிலையமானது. கட்டுநாயக்க வரை போகும் அலைச்சல் மிச்சம்.

கட்டுநாயக்கவில் வெளிநாட்டு விமானம் பிடிக்க வேண்டும். அதே நாளில் இதில் போகலாமா?

போகலாம், வசதியும் அதுதான். இறங்குவதே கட்டுநாயக்கவில் என்பதால் பெரிய முனையத்துக்குக் கொஞ்ச தூரம். ஆனால் இரண்டு டிக்கட்டும் தனித்தனியாக எடுத்திருந்தால், ஒன்று தாமதமானதற்கு மற்றக் கம்பனி பொறுப்பேற்காது. கச்சான் காலத்துக் காலை விமானம் என்றால் நடுவில் ஆறு மணித்தியாலமாவது விடுங்கள். வெளிநாட்டு விமானங்களில் பொதி எடை கூட என்பதும் ஞாபகம் இருக்கட்டும். 30 கிலோ சூட்கேஸோடு வந்தால் இங்கேயே நின்றுவிடும், அதை முதல் நாளே வாடகை வானிலோ ரயிலிலோ அனுப்பிவிட்டுக் கைப்பையோடு ஏறுங்கள். வாடைக்காலத்தில், நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை, அதே நாள் இணைப்பை நம்பவே வேண்டாம். முதல் நாளே கிளம்பி, நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டுப் போங்கள்.